மூன்றாவது பெயர்

பெப்ரவரி 3, செவ்வாய்

மீனவர் சங்கத்தின் பழைய பதிவேடு நிறைந்துவிட்டது. பின்னால் பதினெட்டுத் தாள் எழுதாமல் இருந்தது. எரிக்கப் போட்டிருந்தார்கள். நான் கேட்டு எடுத்துக்கொண்டேன். கேட்டு என்று எழுதியது சரியில்லை. கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். தலைவர் லம்பேட் ஐயா பார்த்துவிட்டு, கொண்டு போ என்று தலையாட்டினார்.

ஒவ்வொரு தாளிலும் நான்கு நிரல் கோடு போட்டிருக்கிறது. பெயர், பாஸ் இலக்கம், போன நேரம், வந்த நேரம். நான் கோட்டைக் கவனிக்காமல் குறுக்கே எழுதுகிறேன்.

என் பெயர் எமில்டா. பதினாறு வயது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. சிஸ்டர் ஒரு தவணை முழுக்கப் பொறுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு நான்தான் பொறுக்கவில்லை.

சங்கத்துக்கு எழுதத் தெரிந்த, அதிகம் கதைக்காத ஒருவர் தேவைப்பட்டது. அப்படித்தான் இந்த வேலை கிடைத்தது. காலை ஐந்து மணிக்குத் துறைக்குப் போவேன். தொழிலுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் நேவி கொடுத்த கடல் பாஸ் இருக்கிறது. படம் ஒட்டி, மூலையில் துளை போட்டு, நூல் கட்டிய அட்டை. எல்லாப் பாஸும் சங்கத்துத் தகரப் பெட்டியில் என் பொறுப்பில் இருக்கும். படகு படகாகப் பெயர் எழுதி, பாஸ்களைக் காவலரணில் இருக்கும் நேவிக்காரர் ஜயதிலகவிடம் கொடுப்பேன். அவர் பலகையில் படகுக்கு ஒரு ஆணி என்று மாட்டுவார். பாஸ் ஆணியில் தொங்கினால் ஆள் கடலில். பெட்டியில் கிடந்தால் ஆள் வீட்டில்.

ஒரு படகில் மூன்று பேர் போக வேண்டும். இரண்டு பேர் போனால், திரும்பும்போது மூன்றாவதாக யாரையோ ஏற்றி வருவார்கள் என்று நேவியில் மேலே ஒரு பெரியவர் நினைத்தாராம்.

இன்று நான்கு படகு, பன்னிரண்டு பாஸ். பன்னிரண்டும் திரும்பின. அம்மாவுக்கு அரை கிலோ மிளகாய் இடித்தேன்.

பெப்ரவரி 5, வியாழன்

ஐந்து படகு, பதினைந்து பாஸ். எல்லாம் திரும்பின.

திரும்பி வந்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நெவில் இன்றும் போடவில்லை. கை ஈரம் என்பார், மீன் பழுதாகிவிடும் என்பார், "நீயே போட்டுவிடு" என்று போய்விடுவார். நான் ஒரு சுழி சுழித்து வைப்பேன். நான்கு மாதமாக அவருடைய கையெழுத்து நான் போட்டதுதான்.

நெவில் எங்கள் படகில்தான் தொழில் செய்கிறார். அப்பா, சவிரி அண்ணை, நெவில். மற்ற எல்லாரையும் அண்ணை, மாமா என்று எழுதுகிறேன். நெவிலுக்குப் பத்தொன்பது வயதுதான், அதனால் அப்படி எழுதவில்லை.

என் எழுத்து நல்லதில்லை. கோழி கிளறினது போல என்று சிஸ்டர் சொல்லுவார். லம்பேட் ஐயா கண்ணாடி போட்டும் கஷ்டப்படுகிறார். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பெப்ரவரி 8, ஞாயிறு

கடல் இல்லை. பூசை முடிந்து வந்ததும் அப்பாவுக்குக் காய்ச்சல். பின்னேரம் நெஞ்சில் நான்கு கொப்புளம். கொப்புளிப்பான் என்று அம்மா சொன்னார். இனி இரண்டு கிழமை வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். எனக்கு அது வசதி. எனக்கும் அம்மாவுக்கும் முன்பே வந்து போய்விட்டது.

சவிரி அண்ணை மட்டும் வேலிக்கு வெளியே நின்று அப்பாவோடு கதைத்தார். அவருக்கு மனைவி பிள்ளை இல்லை, கரையில் உள்ள வாடிக் குடிசையில் தனியாக இருக்கிறார். வாடிச் சுவரில் கரியால் இரண்டு வரிசை எழுதி வைத்திருக்கிறார். இந்தப் பக்கத்து றேடியோ கொன்ற ஆட்கள் ஒரு வரிசை. அந்தப் பக்கத்து றேடியோ கொன்ற ஆட்கள் மற்ற வரிசை. இரண்டு வருடமாக ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் கூட்டுகிறார்.

"சந்தியோகு, கணக்குப்படி போன ஆவணியோட ரெண்டு பக்கமும் முடிஞ்சுது. ஒருத்தரும் மிச்சமில்லை. இப்ப சுடுறது ஆரெண்டுதான் எனக்கு விளங்கேல்ல" என்றார்.

அப்பா சிரித்தார், சிரித்ததில் கொப்புளம் நொந்தது. சுவரை அழிக்கச் சொல்லி அம்மா கத்தினார். கூட்டல் பிழை இருந்தால் அழிக்கிறேன் என்று சவிரி அண்ணை சொன்னார்.

பெப்ரவரி 9, திங்கள்

மூன்று படகு, ஒன்பது பாஸ். ஒன்பதும் திரும்பின. எட்டுப் பேர் திரும்பினார்கள்.

இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். யாருக்காவது உடம்புக்கு வருத்தம் என்றால் அவர் வீட்டில் படுத்திருப்பார், பாஸ் தொழிலுக்குப் போகும். இல்லாவிட்டால் மற்ற இருவரும் அன்று பட்டினி. ஆளை எண்ண ஜயதிலக கீழே இறங்கித் தண்ணீருக்கு வர வேண்டும். பாஸை எண்ண வர வேண்டியதில்லை. இன்று வீட்டில் நின்றவர் லூக்காஸ் அண்ணையின் கடைசித் தம்பி, பல்வலி.

எங்கள் படகு இன்று போகவில்லை. அப்பாவின் பாஸை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். வருத்தம் வந்த ஆளின் பெயர் கடலுக்குப் போனால் வருத்தம் இறங்காது என்பது அவருடைய எண்ணம்.

பெப்ரவரி 11, புதன்

இரண்டு படகு. ஆறு பாஸ். போன நேரம் 5.10.

பெப்ரவரி 12, வியாழன்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காற்று சரியில்லை என்று மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். லூக்காஸ் அண்ணையும் அவருடைய தம்பிமார் இருவரும் ஒரு படகு. எங்கள் படகு மற்றது. ஒன்பது மணி அளவில் நேவி மிதக்கவிட்ட எல்லைப் பீப்பாவுக்கு அப்பால் வெடிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம்தான். நான் சங்கத்தில் தகரப் பெட்டிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து பூசினேன்.

பன்னிரண்டு மணிக்கு யாரும் வரவில்லை. இந்தப் பக்கத்து றேடியோவில் பன்னிரண்டே முக்கால் செய்தியில், கடலில் எதிரியின் இரண்டு படகுகள் அழிக்கப்பட்டன, எதிரிகள் ஆறு பேர் கொல்லப்பட்டனர், எமது தரப்பில் சேதம் இல்லை என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு காலநிலை.

சுட்டது எங்கள் காவலரண் இல்லை. வேறு முகாமிலிருந்து வந்த பீரங்கிப் படகு.

இன்று காலை ஆஸ்பத்திரியில் உடல்களைக் கொடுத்தார்கள். லூக்காஸ் அண்ணை, அவருடைய தம்பிமார் இருவர், சவிரி அண்ணை, நெவில். ஐந்து. ஆறாவது உடல் தேடப்படுகிறது என்று தாளில் எழுதியிருந்தது.

அந்த நேரம் அப்பா பாயில் இருந்து வேப்பிலையால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். அம்மா போய், எங்கள் படகு போன விஷயத்தைச் சொன்னார். அப்பாவுக்கு அதுவரை தெரியாது. படகு போனது எப்படி, இரண்டு பேரை எப்படி விட்டார்கள் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் பாத்திரம் கழுவப் போனேன்.

பெப்ரவரி 13, வெள்ளி

சங்கத்தில் கூட்டம். லம்பேட் ஐயா கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தார். ஆளில்லாத பாஸ் கடலுக்குப் போனது வெளியே தெரிந்தால் முழுத் துறைக்கும் பாஸ் நிற்கும். நூற்றுப் பத்துக் குடும்பம். ஆகவே யாரும் ஐந்து என்று சொல்லக்கூடாது.

"அவங்கள் ஆறு எண்டு சொல்லிப்போட்டாங்கள். ஆறெண்டால் ஆறுதான். சந்தியோகு ரெண்டு மாசம் செத்துக் கிடக்கட்டும், பிறகு பாப்பம்" என்றார்.

எழுந்து போகும்போது பீற்றர் மாமா, எங்கள் அப்பாவுக்குக் கொப்புளம் காய்ந்துவிட்டதா என்று கேட்டார்.

பதிவேட்டில் என் எழுத்தை லம்பேட் ஐயா நெடுநேரம் பார்த்தார். அப்பாவின் பாஸை எடுத்து வைக்கச் சொன்னது யார் என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். நான் எப்போதும் பேசாமல் நிற்பதால் அவர் அதைப் பதிலாக எடுக்கவில்லை.

பெப்ரவரி 14, சனி

அடக்கம். ஐந்து பெட்டி. சுவாமி ஐந்து பெயர் வாசித்துவிட்டு நிறுத்தினார். கோயில் வாசலில் நேவிக்காரர் இருவர் நின்றார்கள். பிறகு சுவாமி, கடலில் உள்ளவர்களுக்காகவும் மன்றாடுவோம் என்றார். அது பொய்யில்லை. கடலில் எப்போதும் யாராவது இருப்பார்கள்.

அம்மா கறுப்புச் சேலை உடுத்தியிருந்தார். திரேசா மாமியிடம் இரவல்.

நெவிலின் அம்மா பிலோமினா மாமி அழவில்லை. பெட்டியின் ஓரத்தில் ஆணி ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தார்.

பெப்ரவரி 16, திங்கள்

மற்றப் பக்கத்து றேடியோ நேற்றுப் பின்னேரம் சொன்னது. அப்பாவி மீனவர்கள் ஆறு பேர் படுகொலை, தங்கள் தரப்பில் யாரும் இல்லை. பெயர்களையும் வயதையும் வாசித்தார்கள். ஆறாவதாக மடுத்தீன் சந்தியோகு, வயது நாற்பத்தொன்பது.

"நாப்பத்தேழு" என்றார் அப்பா.

இரண்டு வருடத்தில் இரண்டு றேடியோவும் ஒரே எண்ணைச் சொன்னது இதுதான் முதல் முறை. சவிரி அண்ணை இருந்திருந்தால் கவனித்திருப்பார். இன்று வாடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்தேன். பெப்ரவரி பத்தோடு நிற்கிறது. கீழே கிடந்த கரித்துண்டை எடுத்தேன். எந்த வரிசையில் எழுதுவது, ஆறா ஐந்தா என்று தெரியவில்லை. வைத்துவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 17, செவ்வாய்

மூன்று படகு, ஒன்பது பாஸ். தலைகளை எண்ணினேன். ஒன்பது. படகைத் தள்ளிய பிறகு திரும்பவும் எண்ணினேன்.

பெப்ரவரி 18, புதன்

எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் குடும்பப் பட்டியல் ஒட்டியிருக்கும். பெயர், வயது, படம், நேவி முத்திரை. சுற்றிவளைப்பு நடந்தால் பட்டியலைப் பார்த்து ஆளை எண்ணுவார்கள். பட்டியலில் உள்ள ஆள் இல்லாவிட்டால் காரணம் கேட்பார்கள். பட்டியலில் இல்லாத ஆண் இருந்தால் காரணம் கேட்பதில்லை. அவர் எதிரி.

இன்று பத்து மணிக்கு ஜயதிலகவும் இன்னொருவரும் வந்தார்கள். அப்பா பின்னால் பழைய வலைக் குவியலுக்குள் போய்விட்டார். ஜயதிலக செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அம்மாவிடம் மன்னிக்க வேண்டும் என்று சொல்லி, அப்பாவின் பெயருக்கு மேல் அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு கீறினார். நேராக வரவில்லை என்று இன்னொரு முறையும் கீறினார்.

போகும்போது அடுப்படியைப் பார்த்தார். மூன்று கோப்பையில் தேநீர் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பெப்ரவரி 20, வெள்ளி

காவலரணுக்கு எங்கள் வீட்டு வாசல் தெரியும். ஆகவே பெண்கள் வாசலில் நின்று அம்மாவின் கையைப் பிடித்து அழுகிறார்கள். பிறகு கிணற்றடிக்கு வந்து, சந்தியோகு அண்ணைக்கு என்று சுறாப் புட்டு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். செத்த பிறகு அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார்.

பிலோமினா மாமி மட்டும் வரவில்லை.

நிவாரண அரிசி இந்த முறை இரண்டு பேருக்குத்தான் வந்தது.

பெப்ரவரி 22, ஞாயிறு

அப்பாவின் கொப்புளங்கள் காய்ந்து உதிர்கின்றன. அம்மா அவற்றைப் பெருக்கி எரித்தார்.

பெப்ரவரி 23, திங்கள்

வருகிற சனிக்கிழமை சுற்றிவளைப்பு. பீற்றர் மாமா முகாமுக்கு விறகு கொண்டுபோனபோது கேள்விப்பட்டாராம். இந்த முறை வேறு முகாம் ஆட்களும் வருகிறார்கள். அவர்கள் வலைக் குவியலுக்குள் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள்.

அப்பாவைப் படகில் அக்கரைக்கு அனுப்பலாமா என்று லம்பேட் ஐயா யோசித்தார். அதற்கு ஒரு படகு, இரண்டு ஆள், மூன்று பாஸ் வேண்டும். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"செத்து ரெண்டு கிழமையாச்சு, இதுக்கு மேல என்னால ஏலாது. நான் எழும்பி நடந்து போய் முன்னால நிக்கிறன்" என்றார் அப்பா.

"நிண்டால் சுடுவாங்கள்" என்றார் அம்மா.

"ஏற்கெனவே சுட்டுப்போட்டாங்களே."

அம்மா அகப்பையைத் தூக்கி எறிந்தார். அப்பாவில் படவில்லை. கொப்புளம் இப்போதுதான் உதிர்ந்த ஆளை அடிக்க அவருக்கு மனமில்லை.

பெப்ரவரி 24, செவ்வாய்

நான் காவலரணுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. பாஸ்களைக் கொடுத்த பிறகு போகாமல் நின்றேன். படகுகள் வெளிக்கிட்டுவிட்டன. ஜயதிலக கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து திரும்ப மூடினார்.

"தங்கச்சி, அண்டைக்கு எத்தன பேர் போனது?"

நான் ஐந்து விரலைக் காட்டினேன்.

அவர் ஆணியைப் பார்த்தார். அன்று எங்கள் படகின் பாஸ்கள் தொங்கிய ஆணி. பிறகு சொன்னார். அன்று பீரங்கிப் படகிலிருந்து வயர்லெஸ்ஸில் கேட்டார்களாம், உங்கள் துறையிலிருந்து எத்தனை பேர் வெளியே என்று. அவர் பலகையைப் பார்த்து ஆறு என்று சொன்னாராம். பாஸ் உள்ள ஆட்கள், தொழிலுக்குப் போனவர்கள் என்றும் சொன்னாராம்.

"அது கேக்க இல்ல. எத்தன எண்டுதான் கேட்டது."

ஆகவே அந்த ஆறு கடலில் எண்ணியது இல்லை. ஆணியில் எண்ணியது. ஆணிக்கு வந்தது என் பதிவேட்டிலிருந்து. றேடியோவில் சொன்ன எண்ணை நான்தான் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

எண்ணைத் திருத்த முடியாதா என்று கேட்டேன். எனக்கே கேட்காத குரலில் கேட்டேன், அவருக்குக் கேட்டிருக்கிறது.

"நம்பர் மேல போச்சி. மேல போன நம்பர் கீழ வராது. ஆறு எண்டா ஆறுதான்." பிறகு யோசித்தார். "ஆனா தங்கச்சி, செத்த ஆள் வீட்டுக்கு வர ஏலாது. பிடிச்ச ஆள் வர ஏலும். மூணு மாசம், ஆறு மாசம். அப்பவும் ஆறுதானே."

விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஐந்து சாவு, ஒரு கைது. கூட்டினால் ஆறு.

பெப்ரவரி 25, புதன்

விபூதிப் புதன். சுவாமி கிணற்றடி வழியாக வந்து அப்பாவின் நெற்றியில் சாம்பல் பூசிவிட்டுப் போனார்.

ஜயதிலக முகாம் அதிகாரியிடம் கதைத்திருக்கிறார். அதிகாரிக்கும் சனிக்கிழமைக்கு முன் முடிந்தால் நல்லதாம், வேறு முகாம் ஆட்கள் அப்பாவைக் கண்டுபிடித்தால் அவருக்கு ஒழுங்கான விளக்கம் இருக்காது. ஏற்பாடு இதுதான். எதிரி ஒருவர் உயிரோடு பிடிபட்டார் என்று அவர்கள் மேலே எழுதுவார்கள். அப்பா அன்று படகில் இருக்கவில்லை என்று நான் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு விசாரணையில் அந்தத் தாளைக் காட்டினால் விடுவார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு தாள். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் பார்த்துக்கொள்வது அவர்களுடைய வேலை.

சங்கத்துக்குத் தெரியாமல் நான் தனியே செய்தேன் என்றும் எழுத வேண்டும், அப்போதுதான் துறைக்குப் பாஸ் நிற்காது என்று லம்பேட் ஐயா சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வெட்கப்படத் தேவையில்லை. அது உண்மைதான்.

நாளை பத்து மணிக்குச் சங்கத்தில், அதிகாரிக்கும் இறந்தவர்களின் வீட்டாருக்கும் முன்னால் வாசிக்க வேண்டுமாம். நான் வாசிக்க வேண்டும்.

எழுந்து நின்று.

பெப்ரவரி 26, வியாழன்

லம்பேட் ஐயா எழுதித் தந்ததை நான் பிரதி எடுத்தேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அவர் கவனிக்கவில்லை, என் எழுத்து அப்படி.

அதிகாரி நாற்காலியில். ஜயதிலக பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். லூக்காஸ் அண்ணையின் மனைவி கைக்குழந்தையோடு முன் வரிசை வாங்கில். பிலோமினா மாமி யன்னலோரம். அம்மா கறுப்புச் சேலையில், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

குரல் வரவில்லை. தாளைப் பார்த்தேன். எழுத்து எனக்கே விளங்கவில்லை. சிஸ்டர் காத்திருந்தது போல எல்லாரும் காத்திருந்தார்கள். குழந்தை விக்கல் எடுத்தது. மூன்று விக்கல் வரை எண்ணினேன். பிறகு வாசித்தேன்.

பெப்ரவரி பதினோராம் தேதி காலை எங்கள் படகில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மூன்றாவது பெயர் என் தகப்பனார் மடுத்தீன் சந்தியோகுவினுடையது. அவர் கொப்புளிப்பான் கண்டு வீட்டில் இருந்தார். பாஸை நானே பெட்டியிலிருந்து எடுத்து வைத்தேன். சங்கத்துக்குத் தெரியாது. நான் மூன்றாவது பெயரை எழுதாவிட்டால் அந்தப் படகு போயிருக்காது.

கடைசி வரியை ஜயதிலக மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி கையெழுத்து வைக்கச் சொன்னார். பாஸ் கொடுத்து அனுப்பிய ஆட்கள் எப்படி எதிரிகள் ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு அந்தத் தாளில் இடமும் இல்லை.

பிலோமினா மாமி எழுந்து வெளியே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. சாத்தாமல் போயிருக்கிறார்.

பெப்ரவரி 27, வெள்ளி

அப்பா குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்து, எட்டு மணிக்கு நடந்து போனார். அம்மா இரண்டு சட்டையும் கருவாட்டுப் பொரியலும் கட்டிக் கொடுத்தார். ஒழுங்கையோரம் குந்தியிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். வாசலில் பிடித்துக் கொண்டுபோனால் நன்றாக இருக்காது என்று ஜயதிலக சொன்னதால் காவலரண்வரை அவராகவே போனார். அங்கே கையைக் கட்டினார்கள். முன்பக்கமாகத்தான்.

பின்னேரச் செய்தியில் சொன்னார்கள். பதினோராம் தேதி கடற்சமரில் எதிரிகள் ஆறு பேர் என முன்னர் அறிவிக்கப்பட்டவர்களில் ஐவர் கொல்லப்பட்டனர், ஒருவர் காயங்களோடு உயிருடன் பிடிபட்டு விசாரிக்கப்படுகிறார். காயம் என்றது கொப்புளத் தழும்பாக இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்தார்கள். கைது செய்யப்பட்டவரின் பெயர், வயது, திகதி, முத்திரை. வயது நாற்பத்தேழு என்று சரியாகப் போட்டிருந்தது. அப்பா உயிரோடு இருக்கிறார் என்று சொல்லும் தாள் இந்த வீட்டில் இது ஒன்றுதான். அம்மா அதை வேதாகமத்துக்குள் வைத்தார், எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். பிறகு கறுப்புச் சேலையைத் தோய்த்துக் கொடியில் போட்டார்.

பெப்ரவரி 28, சனி

சுற்றிவளைப்பு. பட்டியல்படி வீட்டில் இரண்டு பேர். இரண்டு பேர் இருந்தோம். வலைக் குவியலில் கம்பியால் ஏழு தரம் குத்தினார்கள்.

மார்ச் 2, திங்கள்

வேலை போய்விட்டது. லம்பேட் ஐயாவின் மருமகன் இப்போது பதிவேடு எழுதுகிறார். காலை ஐந்துக்கு விழித்துவிட்டேன். செய்ய ஒன்றும் இல்லாததால் முற்றம் கூட்டினேன். கூட்டிய முற்றத்தையே மறுபடியும் கூட்டினேன்.

மார்ச் 4, புதன்

அம்மா அப்பாவைப் பார்க்க முகாமுக்குப் போயிருந்தார். நான் தனியே மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். பிலோமினா மாமி வந்தார். கிணற்றடியால் இல்லை, வாசலால். எழும்ப வேண்டாம் என்று சொல்லி எனக்கு முன்னால் குந்தினார். என் கையில் கத்தி இருந்தது. கீழே வைத்தேன்.

"ஆராவது கேட்டுத்தான் எழுதினியா?"

"ஓம் மாமி."

"சவிரி கேட்டவனோ, என்ர மகன் கேட்டவனோ?"

"நெவில்."

"என்னெண்டு கேட்டவன்?"

இதை நான் இதுவரை இந்தக் கொப்பியில்கூட எழுதவில்லை. பதினோராம் தேதி காலை சவிரி அண்ணை படகைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார். நெவில் மட்டும் என் மேசைக்கு வந்தார். அப்பாவின் பாஸையும் வை என்றார். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். வீட்டில் அரிசி இல்லை, ஒரு நாள்தானே என்றார். நான் திரும்பவும் தலையாட்டினேன். அப்போது அவர் குனிந்து பதிவேட்டைப் பார்த்தார். எவ்வளவோ நேரம் பார்த்தார்.

மாமிக்கு அதைச் சொன்னேன்.

"பாத்துப்போட்டு?"

"'எழுதன் எமில்டா, உன்ர எழுத்து நல்ல வடிவு. ஆர் பிழை பிடிக்கப் போறாங்கள்' எண்டவர். அதுதான் எழுதினனான்."

மாமி திட்டுவார் என்று காத்திருந்தேன். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். சிரித்துக்கொண்டா சொன்னவன் என்று கேட்டார். ஓம் என்றேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாம் தரம் என் குரல் நன்றாக வந்தது.

"அவனுக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது பிள்ளை" என்றார் மாமி. "பள்ளிக்கூடப் பக்கம் போகேல்ல. வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லமாட்டான்."

பூனை ஒரு மீன் தலையை இழுத்துக்கொண்டு போனது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு, அவன் சொன்னதை ஒரு தாளில் எழுதித் தா என்றார். கையைக் கழுவிவிட்டு வந்து இந்தக் கொப்பியிலிருந்து ஒரு தாள் கிழித்தேன். பெயர், பாஸ் இலக்கம், போன நேரம், வந்த நேரம் என்று நான்கு நிரல். குறுக்கே எழுதினேன். எவ்வளவு கவனமாக எழுதியும் கோழி கிளறினது போலத்தான் வந்தது.

மாமி தாளைத் தலைகீழாகப் பிடித்து, வெளிச்சத்துக்குத் தூக்கி, நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு" என்றார்.